ஞாயிறு லீவு கடைக்கா, கடையில நிக்கிற ஆளுக்கா?

நீங்க என்ன கேட்டீங்கன்னு முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன், ஏன்னா மேல பதில் போட்டவங்கள்ல பாதி பேரு வேற எதுக்கோ பதில் சொல்லிட்டு இருக்காங்க. விருதுநகர் பக்கம் பஜார்ல உங்களுக்கு ஒரு ரெடிமேட் கடை, நாலு பேரு வேலை பாக்கறாங்க, கல்லாவுல உங்க வீட்டம்மா. ஞாயிறு எல்லாரும் கடையை மூடணும்னு சங்கத்துல தீர்மானம் போடப் போறாங்க, ஆனா பைபாஸ்ல புதுசா வந்த பெரிய ஜவுளிக்கடை ரெண்டும் வருஷம் பூரா திறந்திருக்கு. ஜெர்மனியில இருக்கற உங்க மச்சான் வேற, அங்க சட்டமே ஞாயிறு மூடச் சொல்லுதுன்னு சொல்லிட்டாரு. மூடறது சரியா, திறக்கறது சரியா, இங்கயும் அப்படி ஒரு சட்டம் வந்தா நல்லதா, இதான் கேள்வி. படிச்சுப் பாத்தா இதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு கிடக்கு. கடைக்கு ஒரு நாள் லீவு வேணுமாங்கறது ஒண்ணு, கடையில நிக்கிற ஆளுக்கு ஒரு நாள் லீவு நெசமாவே கிடைக்குதாங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்குப் பதில் தெரிஞ்சா முதலாவது தன்னால புரிஞ்சிடும்.

நான் மதுரையில ரொம்ப வருஷமா சின்னக் கடை, நடுத்தரக் கடைகளுக்கு லேபர் ரிஜிஸ்டர் எழுதிக் குடுக்கறது, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா கூட நிக்கறது, இந்த வேலை பாக்கறவன். வக்கீல் இல்ல. அதனால சட்டத்துல எழுதியிருக்கறதை சட்டம்னு சொல்றேன், நான் பாத்ததை நான் பாத்ததுன்னு சொல்றேன், ரெண்டையும் நீங்க கலந்துக்காதீங்க.

சட்டத்துலேருந்து ஆரம்பிப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, அதுல 11-வது பிரிவு. ஒவ்வொரு கடையும் வாரத்துல ஒரு நாள் முழுசா மூடியிருக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. ஆனா அது ஞாயிறுன்னு எங்கயும் இல்ல. எந்த நாளுன்னு கடைக்காரரே முடிவு பண்ணி, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி கடையில எழுதி மாட்டணும், அந்த நாளை மூணு மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல மாத்தக் கூடாது. பழைய கடைகள்ல சுவத்துலயே பெயின்ட்ல "வார விடுமுறை: செவ்வாய்"னு எழுதியிருப்பாங்க பாருங்க, அது சும்மா அலங்காரத்துக்கு எழுதினது இல்ல, இந்தப் பிரிவுக்காக எழுதினது. அதே பிரிவு வேலை பாக்கற ஆளுக்கும் வாரத்துல ஒரு முழு நாள் லீவு குடுக்கச் சொல்லுது, அந்த நாளுக்காக சம்பளத்துல கை வைக்கக் கூடாதுன்னும் சொல்லுது. இதை நிறைய முதலாளிங்க தெரியாத மாதிரியே இருப்பாங்க, "லீவு எடுத்தா அன்னைக்கு சம்பளம் இல்லப்பா"ன்னு சொல்றது சர்வசாதாரணம், வார லீவைப் பொறுத்தவரைக்கும் அது தப்பு. வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல ஓவர்டைம்னா ரெட்டைச் சம்பளம். ஆக 1947-லயே கடையோட லீவையும் ஆளோட லீவையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு வச்சிருந்தாங்க.

அந்த முடிச்சை அவுத்தது 2019. அந்த வருஷம் மே மாசம் அரசு ஒரு ஆணை போட்டு, 10 பேரோ அதுக்கு அதிகமாவோ ஆள் வச்சிருக்கற கடைகள் வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம்னு அனுமதிச்சாங்க. முதல்ல மூணு வருஷத்துக்கு, அப்புறம் 2022-லயும் 2025-லயும் மும்மூணு வருஷம் நீட்டிச்சாச்சு. சும்மா விடல, நிபந்தனைங்க இருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் வாரத்துல ஒரு நாள் முறை வச்சு லீவு குடுக்கணும், யாருக்கு எந்த நாள்னு கடையில எழுதி ஒட்டணும், சம்பளமும் ஓவர்டைமும் பேங்க் கணக்குல போடணும், பொம்பளைங்களை ராத்திரி 8 மணிக்கு மேல நிறுத்தணும்னா அவங்க எழுத்துல சம்மதம் குடுத்திருக்கணும், வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு பண்ணணும். உங்க பைபாஸ் கடை ரெண்டும் இந்த ஆணையிலதான் திறந்திருக்கு, அதனால அவங்க ஞாயிறு திறக்கறது சட்டப்படி சரி. உங்க கடையில நாலு பேருதான், உங்களுக்கு இந்த ஆணை கிடையாது, நீங்க இன்னமும் 11-வது பிரிவுலதான் இருக்கீங்க. ஞாயிறு தாராளமா திறக்கலாம், ஆனா வேற ஏதாவது ஒரு நாள் முழுசா மூடியாகணும். ஏழு நாளும் திறந்தா அது மீறல். பஜார்ல எத்தனை பேரு மீறறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சட்டத்தோட பல தொல்லையிலேருந்து தப்பிக்கலாம்னு கணக்குல ஒன்பது பேரோட நிறுத்திக்கிற கடைங்க ஏராளம், மீதி ஆளெல்லாம் "சொந்தக்காரப் பையன், சும்மா வந்து நிக்கறான்"னு சொல்லுவாங்க. அப்படி ஒன்பதுன்னு காட்டற கடைதான் 365 நாளும் திறக்கற உரிமை இல்லாத கடை. ஞாயிறு திறக்கணும்னா பத்தாவது ஆளைக் காட்டணும், காட்டினா மத்த எல்லாத்துக்கும் கணக்கு குடுக்கணும். இந்த இடத்துல முழிக்கிற அண்ணாச்சிங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மூடின ஷட்டரை ரோட்டுல போற யாரு வேணும்னாலும் பாக்கலாம், இன்ஸ்பெக்டர் வண்டியிலேருந்து இறங்கவே வேண்டாம். ஆனா முறை லீவு சரியா குடுத்தாங்களான்னு ரோட்டுலேருந்து தெரியாது, ரிஜிஸ்டரைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். ரிஜிஸ்டர் எப்படி இருக்கும்னு சொல்றேன் கேளுங்க. மாசக் கடைசியில ஒரே உட்காரல்ல எழுதினது, முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே நீலப் பேனா, இருபது பேருக்கும் வரிசையா திங்கள் ஒருத்தர், செவ்வாய் ஒருத்தர்னு லீவு போட்டிருக்கும், எதிர்ல எல்லாரோட கையெழுத்தும் ஒரே சாய்வுல ஒரே அழுத்தத்துல இருக்கும். அந்தப் பொண்ணுங்ககிட்ட போய் "போன வாரம் என்னைக்கும்மா லீவு"ன்னு கேட்டா, முதல்ல சூப்பர்வைசர் முகத்தைத்தான் பாப்பாங்க. எல்லாக் கடையும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன், ஒழுங்கா குடுக்கற பெரிய கடைங்களுக்கும் நான் எழுதிக் குடுத்திருக்கேன், அங்க முறை சீட்டு கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கும், ஆளுங்களே அடிச்சு மாத்தி எழுதியிருப்பாங்க, அழுக்கா கசங்கிப் போயிருக்கும். சுத்தமா இருக்கற முறை சீட்டைப் பாத்தாதான் எனக்கு சந்தேகமே வரும்.

அதனாலதான் சின்னக் கடைக்கு "கடையையே மூடு"ங்கற பழைய விதி, பாக்க முரட்டுத்தனமா இருந்தாலும், நல்ல விதின்னு நான் நினைக்கிறேன். நாலு பேரு இருக்கற கடையில முறை வச்சு லீவுன்னா என்ன நடக்கும்? ஒருத்தர் லீவுல இருக்கும்போது இன்னொருத்தருக்கு காய்ச்சல் வந்தா, லீவுல இருக்கறவருக்கு போன் போகும். "ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போப்பா"ம்பாங்க, அது ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் போகும். கடை மூடியிருந்தா அந்த போனே வராது. முதலாளிக்கும் இதேதான். சட்டத்துல கணவன், மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மா, அண்ணன் தம்பி மாதிரி கூடவே இருந்து உங்களை நம்பி வாழறவங்க "வேலை பாக்கற ஆள்"ங்கற கணக்குலயே வர மாட்டாங்க. அதாவது கல்லாவுல உக்காந்திருக்கற உங்க வீட்டம்மாவுக்கு 8 மணி நேரமும் கிடையாது, வார லீவும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. அவங்களுக்கு சட்டம் குடுக்கற ஒரே ஓய்வு, கடையை மூடச் சொல்ற அந்த ஒரு வரிதான். நீங்க எழுதினதுல ஆளுங்களைப் பத்தி நாலு வரி, வியாபாரத்தைப் பத்தி பத்து வரி இருந்துச்சு, வீட்டம்மாவைப் பத்தி கல்லாவுல இருக்காங்கன்னு மட்டும்தான் இருந்துச்சு, அதான் சொல்லத் தோணுச்சு.

சரி, மூடறதுன்னு ஆச்சு, அது ஞாயிறாவே இருக்கணுமா? இது வியாபாரத்தைப் பொறுத்தது, இதுல சட்டத்தைவிட வழக்கம்தான் பேசுது. சென்னையில பாரிமுனை பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, அண்ணா சாலைக்குப் பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட், இங்கெல்லாம் ஞாயிறு போனா பெரும்பாலும் ஷட்டரைத்தான் பாக்கணும், ஏன்னா அங்க வாங்கறது மத்த கடைக்காரங்களும் கம்பெனிக்காரங்களும். அதே ஊர்ல ரங்கநாதன் தெருவுல ஞாயிறு சாயங்காலம் நடக்க முடியுதா பாருங்க. கறிக்கடைக்கு ஞாயிறு மூடுன்னு சொன்னா சிரிப்பாங்க, வாரத்து வியாபாரமே அன்னைக்குத்தான். சலூன்காரங்க ரொம்பக் காலமா செவ்வாய் மூடிக்கிட்டு ஞாயிறு காலையில நிக்க நேரமில்லாம வெட்டறாங்க, அவங்களுக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லிக் குடுக்கல. டெல்லி தரியாகஞ்ச்ல இன்னும் ஒரு விசேஷம், ஞாயிறு கடைங்க மூடியிருந்ததாலதான் அந்தக் கடைங்க வாசல் பிளாட்பாரத்துல பழைய புத்தகச் சந்தையே உண்டாச்சு, பல பத்து வருஷம் ஓடி 2019-லதான் அங்கேருந்து எடுத்து பக்கத்துல மகிளா ஹாட்டுக்கு மாத்தினாங்க. ஒருத்தன் மூடறது இன்னொருத்தனுக்குக் கடை. உங்களது ரெடிமேட் கடை, குடும்பமா வந்து எடுக்கறது, மாசச் சம்பளக்காரங்களுக்கும் ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் ஞாயிறுதான் வர முடியும். நீங்க ஞாயிறு மூடினா அந்த வியாபாரம் திங்கள்கிழமை வந்துடும்னு சங்கத்துல சொல்றாங்களே, எல்லாரும் மூடினா ஓரளவு வரும், ஆனா பைபாஸ்ல ரெண்டு கடை திறந்திருக்கும்போது வராது, பஸ் ஏறிப் போயிடும். இது என் கணிப்பு, ஆனா உங்க பில் புக்குல ஒரு ஆறு மாசத்து ஞாயிறு பில்லையும் செவ்வாய் பில்லையும் தனித்தனியா கூட்டிப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிடும், என்னைக் கேக்க வேண்டாம்.

மச்சான் சொன்ன ஜெர்மனி விஷயம் உண்மைதான், ஆனா அவர் சொன்னதை விட ஆழமானது. 1919 வைமார் அரசியல் சட்டத்துல ஞாயிறு வேலையிலேருந்து ஓய்வு நாள்னு ஒரு வரி இருந்துச்சு, அதை இப்ப இருக்கற அரசியல் சட்டத்துலயும் அப்படியே எடுத்து வச்சுக்கிட்டாங்க. பெர்லின் நகரம் கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறும் கடை திறக்கலாம்னு விதி போட்டப்ப சர்ச்சுங்க வழக்குப் போட்டு, 2009 டிசம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அங்கயும் பேக்கரி, பெட்ரோல் பங்க், ரயில்வே ஸ்டேஷன் கடைங்க திறந்திருக்கும், மெடிக்கல் ஷாப் முறை வச்சுத் திறக்கும். போலந்து கதை நமக்கு இன்னும் பக்கம். அங்க 2018-லேருந்து படிப்படியா ஞாயிறு வியாபாரத்தை நிறுத்தினாங்க, கேட்டது சாலிடாரிட்டி தொழிற்சங்கம். ஆனா முதலாளி தானே கல்லாவுல நின்னா திறந்துக்கலாம்னு ஒரு விலக்கு, தபால் சேவை குடுக்கற இடத்துக்கு இன்னொரு விலக்கு. உடனே என்ன ஆச்சு, மளிகைக் கடை செயின் எல்லாம் பார்சல் வாங்கிக் குடுக்கற கவுன்ட்டர் ஒண்ணைப் போட்டு "நாங்க போஸ்ட் ஆபீஸ்"னு திறந்துட்டாங்க, 2022-லதான் அந்த ஓட்டையை அடைச்சாங்க. நம்ம ஊர்ல பாதி ஷட்டரை இறக்கி விட்டுட்டு ஆளுங்களைக் குனிஞ்சு உள்ள வரச் சொல்றோமே, அதுக்கு அவங்க ஊர் வழி இது. ஹங்கேரியில 2015 மார்ச்ல தடை போட்டு, ஜனங்க கோவத்தைப் பாத்து 2016 ஏப்ரல்ல அரசாங்கமே எடுத்துடுச்சு. இங்கிலாந்துல 1994 சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேல இருக்கற பெரிய கடைங்க ஞாயிறு ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், சின்னக் கடைக்குக் கட்டுப்பாடு இல்ல, கடை ஆளு "ஞாயிறு எனக்கு முடியாது"ன்னு எழுதிக் குடுத்துட்டு விலகிக்கவும் உரிமை உண்டு. இதைக் கவனிங்க, அங்க பெரிய கடையைக் கட்டிப் போட்டு சின்னக் கடையை விட்டிருக்காங்க, நம்ம 2019 ஆணை அதுக்கு நேர் எதிர், பெருசை அவுத்து விட்டுட்டு சின்னதை மூடச் சொல்லுது. உங்க சங்கத்துக்காரங்க வயித்தெரிச்சல்ல நியாயம் இருக்குன்னா அது இந்த இடத்துலதான்.

நம்ம நாட்டுல ஞாயிறுக்குன்னு ஒரு போராட்டக் கதை இருக்கு, ஆனா அது கடைக்கு நடந்தது இல்ல. பம்பாய் மில் தொழிலாளிங்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் போராடி 1890-ல ஞாயிறு லீவு வாங்கினாரு. அவங்க கேட்டது ஓய்வு, அதுக்கு ஒரு பொது நாள். இலங்கையில 1966-லேருந்து 1971 வரைக்கும் ஞாயிறையே வார லீவுலேருந்து எடுத்துட்டு பௌர்ணமி, அமாவாசை, ரெண்டு அட்டமின்னு போயா நாளை லீவாக்கிப் பாத்தாங்க, வாரம் நிலாவைப் பாத்து நகர்றதால ஒரு வாரம் சின்னதா ஒரு வாரம் பெருசா போயி, கடைசியில ஞாயிறுக்கே திரும்பிட்டாங்க. ஆனா அங்க 1954 கடை, அலுவலகச் சட்டத்துல ஆளுக்கு வாரத்துல ஒண்ணரை நாள் லீவு. நாள் எதுன்னு சண்டை போட்டவங்க, எத்தனை நாளுங்கறதுல நம்மளை விட அரை நாள் முன்னாடியே இருந்திருக்காங்க.

அதனால இங்க ஞாயிறு கட்டாயமா மூடணும்னு சட்டம் வேணுமான்னா, வேண்டாம்னுதான் சொல்லுவேன். சலூனுக்கும் கறிக்கடைக்கும் ஜவுளிக்கும் ஒரே நாளைக் கட்டினா அடுத்த வாரமே பாதி ஷட்டர் வியாபாரம் தொடங்கிடும். ஆனா 2019 ஆணையைச் சின்னக் கடைக்கும் குடுங்கன்னு சில வியாபாரிங்க கேக்கறாங்களே, அதையும் நான் ஏத்துக்க மாட்டேன், காரணம் மேலயே சொல்லிட்டேன். பெரிய கடைங்க விஷயத்துல மூடு திறன்னு சண்டை போடறதுக்கு பதிலா, முறை லீவு நெசமா நடக்குதான்னு பாக்கறதுக்கு ஆள் போடணும். விதி இருந்தா மட்டும் போதாதுங்கறதுக்கு நாற்காலி விஷயமே உதாரணம். கேரளாவுல கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல விஜிங்கற அம்மாவும் பெண் தொழிலாளிங்களோட பெண்கூட்டு அமைப்பும் போராடி 2018-ல அங்க கடை ஆளுங்களுக்கு உக்கார உரிமை சட்டத்துல வந்துச்சு, தமிழ்நாட்டுல 2021-ல அதே 1947 சட்டத்துல 22-ஏ பிரிவா சேத்தாங்க. இப்ப நான் போற கடைங்கள்ல ஸ்டூல் இருக்கு, நிறைய இடத்துல அது மேல துணி பண்டல் உக்காந்திருக்கு.

உங்களுக்கு நேரா சொல்றதுன்னா, சங்கத்துத் தீர்மானம் உங்களைச் சட்டப்படி கட்டாது, நாளை முடிவு பண்ற உரிமை உங்களோடது. ஆனா பஜார்ல எல்லாரோடயும் முகம் பாத்து வாழணும்ங்கறதும் உண்மை, அதனால சண்டை போடாம "ஞாயிறுக்கு பதிலா எல்லாரும் சேந்து செவ்வாய் மூடுவோம்"னு பேசிப் பாருங்க, ஒரே நாள் எல்லாரும் மூடினாதான் யாருக்கும் பக்கத்துக் கடையைப் பாத்து வயிறு எரியாது. ஆளுங்களையும் கேளுங்க. நாலு பேர்ல ஸ்கூல் போற பிள்ளைங்க இருக்கறவங்களுக்கு செவ்வாய் லீவுல பிள்ளை முகத்தைக் கூட பாக்க முடியாது, அவங்களுக்கு மாசத்துல ஒரு ஞாயிறாவது கூடுதலா விட்டுடுங்க, சம்பளம் பிடிக்காம. ஞாயிறு வேலைக்கு பேட்டா குடுக்கறது நல்லதுதான், ஆனா பேட்டா குடுத்துட்டேன்னு வார லீவை எடுத்துக்கக் கூடாது, ரெண்டும் வேற. இன்னொண்ணு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இது போக வருஷத்துக்கு அஞ்சு பண்டிகை லீவு, இதெல்லாம் வார லீவுல சேராது, அன்னைக்கு வேலை வாங்கினா ரெட்டைச் சம்பளம், இல்லன்னா அன்னைக்குச் சம்பளத்தோட மாத்து லீவு.

நாளை மாத்த மூணு மாசம் இடைவெளி வேணும்ங்கறதை மட்டும் காலண்டரை வச்சுக்கிட்டு யோசிங்க. தீபாவளி சீசனுக்காக அக்டோபர் தொடக்கத்துல செவ்வாய்னு போர்டை மாத்தினீங்கன்னா, மூணு மாசம் முடியறப்ப பொங்கல் வந்துடும், பொங்கல் வியாபாரத்தையும் முடிச்சுட்டு தை பிறந்த பிறகு, கடையில ஈ ஓட்டற மாசத்துக்கு, வேணும்னா ஞாயிறுக்கே திரும்ப மாத்திக்கலாம். மாத்தற அன்னைக்கே போர்டுல தேதியும் போட்டு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, இன்ஸ்பெக்‌ஷன்ல முதல்ல கேக்கறது அதைத்தான்.